சூசைராஜ் மறுத்த டீ

அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதருக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டால், அதன் முதல் சுமை அவருடைய மனைவி தலையில்தான் வந்து விழும். அனுபவத்தில் சொல்கிறேன். என் பெயர் பிரகாசி. என் வீட்டுக்காரர் சூசைராஜ், ரயில்வேயில் சிக்னல் பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கரக்பூரில் பாதி வாழ்க்கை, கல்கத்தாவில் மீதி. இப்போது பவானிபூரில் ஜதுபாபு பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மகள் பிரியங்கா சால்ட் லேக்கில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். தமிழைவிட வங்காளியில் நன்றாகச் சண்டை போடுவாள்.

இந்த ஊரில் ஒரு கிறிஸ்தவர் ஏழைகளுக்குச் சேவை செய்கிறார் என்றால் போதும், கேட்பவர்கள் உடனே ஒரு பெயரைச் சொல்லிக் கும்பிடுவார்கள். தயவுசெய்து என் வீட்டுக்காரரை அந்த வரிசையில் நிறுத்த வேண்டாம். மீன் குழம்பில் புளி குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆள் அவர். வேலையில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவார், கதவுப் பக்கம் நிற்பார், சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் நழுவி எதிர்க் கடையில் டீ குடிக்கப் போய்விடுவார். காணிக்கை எடுக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வருவதுதான் அவருடைய பக்தி.

டீ என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் கொடுத்தாலும், எந்த நேரமானாலும், டீ வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தண்டவாளம் போடும் ஆட்களோடு குந்தி உட்கார்ந்து அவர்களுடைய அலுமினியக் குவளையில் குடிப்பார். பெரிய அதிகாரி வீட்டில் கொடுத்தாலும் அதே மாதிரிதான் குடிப்பார். ஆபீஸில் அவரைக் கேலி செய்வார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நேரம் வரும்போது சொல்கிறேன்.

அவரும் மஹாதேவனும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். மஹாதேவன் அக்கவுண்ட்ஸ் பிரிவு, கரியாஹாட்டில் வீடு, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் வெளிநாட்டில். இருவரும் வாரம் ஒருமுறை சந்தித்து ரயில்வேயைத் திட்டிவிட்டு வருவார்கள். ஒரு வாரம் மஹாதேவன் போன் எடுக்கவில்லை. இவர் போய்ப் பார்த்தபோது கதவடியில் இரண்டு நாள் பேப்பர் கிடந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. பக்கத்து ஃபிளாட்டில் ஆள் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இவர் பேசுவது குறைந்தது. ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குக் கோயிலில் ஃபாதர் ஒரு தியானம் ஆரம்பித்தார். எங்கேயும் போக வேண்டாம், வீட்டில் இருந்தபடியே தினமும் காலையில் மௌனமாக உட்கார்ந்து, ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இவர் பெயர் கொடுத்தார் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிரசங்கத்துக்கே உட்காராத மனிதர் மௌனத்துக்கு எங்கே உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கல் மாதிரி உட்கார்ந்தார். நான் பாத்திரம் உருட்டினால் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் உயர்த்திச் சைகை காட்டுவார். சிக்னல் பிரிவுப் புத்தி எங்கே போகும்?

தியானம் முடிந்த கையோடு, தனியாக இருக்கும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குழுவில் சேர்ந்தார். எந்தச் சாதி, எந்த மதம் என்ற கேள்வி அங்கே கிடையாது. மருந்து வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, சும்மா பேசிக்கொண்டிருப்பது, இதுதான் வேலை. குழுவில் ஒரு விதி உண்டு: எந்த வீட்டுக்கும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

"நான் எதுக்கு? உங்க அம்மாவைப் பாத்தாச்சு, எங்க அப்பாவைப் பாத்தாச்சு. இன்னும் ஊர்ல இருக்கிற கிழடுங்களையும் நானே பாக்கணுமா? முட்டி வேற வலிக்குது," என்றேன்.

"சரி பிரகாசி, உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா," என்றார்.

பழைய சூசைராஜாக இருந்தால் பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பார். இந்தப் புதுப் பொறுமை எனக்கு அதைவிட எரிச்சலாக இருந்தது. எனக்கும் பிடிவாதம் குறைவில்லை, போகவில்லை. குழுவிலும் ஆள் பற்றாக்குறை. அதனால் அவர் தனியாகவே போய்வந்தார்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் பாருல் மாஷிமா வீடு. பாருல் நஸ்கர் என்று முழுப் பெயர். எங்கள் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. எழுபதுக்கு மேல் வயது, ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் கறை படிந்த பல். வாழ்நாள் முழுக்க வீடுகளில் பிள்ளை வளர்க்கும் ஆயாவாக வேலை பார்த்தவர். புருஷன் எப்போதோ போய்விட்டார், ஒரே பையனும் இளம் வயதிலேயே செத்துப்போனான். வேலைக்காரியை இந்த ஊரில் வெறுமனே 'மாஷி' என்று கூப்பிடுவார்கள். இவர் முதல் நாளிலிருந்தே மரியாதைக்குரிய வீட்டுப் பெண்மணியைக் கூப்பிடுகிற மாதிரி 'மாஷிமா' என்றார். அந்த அம்மாள் இவரை 'ராஜ்பாபு' என்றார்.

மாஷிமாவுக்குச் சர்க்கரை. இடது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண். அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். கோயில் மருந்தகத்தில் இருக்கும் சிஸ்டர் இவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். சலைன் ஊற்றிக் கழுவ வேண்டும், காஸ் துணி வைக்க வேண்டும், இறுக்காமல் கட்ட வேண்டும். "விட்டுடாதீங்க. சர்க்கரைப் புண்ணு உள்ளே போச்சுன்னா விரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வரும்," என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். இவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு, டூட்டிக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போவார்.

கட்டு மாற்றியதும் மாஷிமா டீ போடுவார். இவர் குடிப்பார். அதற்காகவே அந்த அம்மாள் புண்ணோடு ஆட்டோ பிடித்து கரியாஹாட் போய், பிளாட்பாரக் கடையில் நீலப் பூப்போட்ட இரண்டு கப் வாங்கி வந்திருந்தார். ஏன் இந்தக் காலோடு போனீர்கள் என்று இவர் கோபித்துக்கொண்டதற்கு, "கைப்பிடி இல்லாத கப்புல விருந்தாளிக்குக் குடுக்கக் கூடாது பாபா," என்றாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது இவர் முகம் மலர்ந்திருந்தது. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் தவக்காலம் வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பார்கள். ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. இப்போதெல்லாம் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இருந்தாலே பெரிய காரியம். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை தவிர நாற்பது நாளும் ஒருசந்தி என்றார். சூரியன் மறையும்வரை தண்ணீர் மட்டும். டீ கிடையாது.

"டீ இல்லாம நீங்களா?" என்றேன்.

"அதான் எனக்குக் கஷ்டம். அதைத்தானே குடுக்கணும்," என்றார்.

நான் அவரை இழுத்துக்கொண்டு ஃபாதரிடம் போனேன். ஃபாதர் சிரித்துவிட்டு, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் திருச்சபை நோன்புக் கடமையை வைக்கவில்லை, உடம்பு இடம் கொடுத்தால் இருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார். திருச்சபையே விட்டாலும் இவர் விடவில்லை. சிக்னல் பிரிவில் சிவப்பு என்றால் சிவப்புதான், கொஞ்சம் சிவப்பு என்று ஒன்று கிடையாது. கடவுளுக்குக் கொடுத்த வார்த்தையும் இவருக்கு அப்படித்தான்.

தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன் அன்று காலைப் பூசையில் நெற்றியில் சிலுவையாகச் சாம்பல் பூசிக்கொண்டோம். நோன்பு இருப்பது பிறருக்குத் தெரியக் கூடாது, முகத்தைக் கழுவிக்கொள் என்பதுதான் அன்றைக்குக் கோயிலில் வாசிப்பதே. வருடா வருடம் கேட்கிறோம், வருடா வருடம் கழுவாமல் ஊரெல்லாம் சுற்றுகிறோம். நான் மார்க்கெட்டுக்குப் போனேன். இவர் நெற்றிச் சாம்பலோடு நேராக மாஷிமா வீட்டுக்குப் போய்விட்டார். மார்ச் மாத வெயில், வேர்வை. கைக்குட்டையால் துடைத்ததில் சாம்பல் சிலுவை கலைந்து நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டிருந்தது.

அன்று நடந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர் பேசாமல் ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறமும் ஒருநாள் விட்டு ஒருநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார், வந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். சாயங்காலம் ஒருசந்திச் சாப்பாட்டை மென்று விழுங்கவே கஷ்டப்பட்டார்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அலமாரியைத் துடைக்கும்போது அந்த டப்பா தட்டுப்பட்டது. திறந்து பார்த்தேன். காஸ் கட்டு ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சலைன் பாட்டிலுக்கு மூடி உடைபடவே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பிப் போறீங்களே, எங்க போறீங்க? இதுல ஒண்ணுமே குறையலையே," என்றேன்.

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினார். பிறகு சொன்னார்.

"அவங்க கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்க பிரகாசி. அன்னிக்கு டீ குடுத்தாங்க. வேணாம்னேன். ஏன்னு கேட்டாங்க. உபோஷ்னு சொன்னேன். முகமே மாறிப்போச்சு. காலை இழுத்துக்கிட்டாங்க. கட்ட விடல. அன்னிலேருந்து போறேன், கதவைத் தட்டறேன், போயிடுங்கன்னு குரல் மட்டும் வருது. நேத்து சந்துல நிக்கும்போதே புண்ணு வாடை அடிக்குது."

உபோஷ் என்பது வங்காளிகள் விரதத்துக்குச் சொல்லும் சொல். விரதம் என்று சொன்னதற்கு ஒரு மனுஷி இவ்வளவு கோபப்படுவாளா? எனக்கும் புரியவில்லை. ஆனால் அந்தக் கால் போய்க்கொண்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. இவர் கதவுக்கு வெளியே நின்று ஜெபம் சொல்லிவிட்டு வருவதால் அந்தக் கால் பிழைக்காது. முட்டிவலியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"கிளம்புங்க. ரெண்டு பேராப் போகணும்னு விதி இருக்கில்ல? இப்ப ரெண்டு பேர்."

சந்துக்குள் நுழைந்ததும் எனக்கும் அந்த வாடை வந்தது. இவரை வெளியே படியில் நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் கதவைத் தட்டினேன். "மாஷிமா, நான் ராஜ்பாபு சம்சாரம். எனக்கு முட்டிவலி. நிக்க முடியல. உக்கார இடம் குடுங்க," என்றேன். என்னுடைய வங்காளி மார்க்கெட் வங்காளிதான். ஆனால் வேலை செய்தது. பெண்பிள்ளை வலி என்று வாசலில் நின்றால் அந்த அம்மாளால் கதவைச் சாத்த முடியவில்லை.

அறை சுத்தமாக இருந்தது. மாஷிமா கட்டிலில் ஏறிக் காலை நீட்டினார். அழுக்குத் துணியால் அவராகவே ஏதோ சுற்றியிருந்தார். ஷெல்பில் நீலப்பூக் கப் இரண்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"உக்காரு பௌமா," என்றார். மருமகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா உன் புருஷனை இங்க அனுப்பாதே."

"என்ன பண்ணினார்?"

மாஷிமா சொல்ல ஆரம்பித்தார். லேக் பக்கம் ஒரு தமிழ் ஆபீசர் வீட்டில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தாராம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் தூக்கி வளர்த்தது அவர்தான். அடுக்களைக்குள் மட்டும் போகக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் அவருக்கென்று கைப்பிடி உடைந்த ஒரு கப் இருக்கும். அதில் டீயை மேலே இருந்து ஊற்றுவார்கள். வீட்டு ஐயா தினமும் காலையில் நெற்றி நிறையச் சாம்பல் பூசிக்கொள்வார்.

"என் பையன் செத்தப்போ அந்த ஆபீசரோட சம்சாரம் என் வீட்டுக்கு வந்தாங்க. பதினெட்டு வருஷத்துல அந்த ஒரு தடவைதான். தண்ணி குடுத்தேன். 'இன்னிக்கு எனக்கு உபோஷ் பாருல்'னு சொல்லிட்டாங்க. சரி, விரதம் போலன்னு நெனச்சேன். வாசல்ல கார் நின்னுச்சு. உள்ள உக்காந்து ஃபிளாஸ்க்லேர்ந்து காபி ஊத்திக் குடிச்சாங்க. நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன்." மாஷிமா ஷெல்பில் இருந்த கப்புகளைப் பார்த்தார். "உன் புருஷனும் தமிழு. இத்தனை நாள் என் கையால டீ குடிச்சாரு. நானும் இவர் வேற மாதிரின்னு நெனச்சேன். அன்னிக்கு நெத்தியில சாம்பலோட வராரு. டீ குடுத்தா உபோஷ்ங்கிறாரு. யாரோ ஏதோ சொல்லியிருப்பாங்க, நான் என்ன சாதின்னு. போகட்டும். ஆனா டீ குடிக்காதவர் என் காலைத் தொட வேணாம்."

எல்லாத் தமிழ் வீடும் அப்படி இல்லை. எங்கள் கீழ்வீட்டு ஜலஜா மாமி என் அடுக்களையிலேயே வந்து உட்கார்ந்து நான் போட்ட காபியைக் குடிப்பார். மஹாதேவனும் இவரும் ஆயுசு முழுக்க ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஆனால் அதையெல்லாம் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? எங்கள் சாம்பல் வேறு சாம்பல் என்று விளக்கினேன். இது கிறிஸ்தவர்கள் நோன்பு என்றேன். மாஷிமா தலையை ஆட்டினார். "அவங்களும் ஒரு சாமி பேர் சொல்லித்தான் உபோஷ்னாங்க பௌமா," என்றார்.

பொய் சொன்னவர்களும் சொன்ன சொல் அது, உண்மை சொன்ன இவரும் சொன்ன சொல் அது. விளக்கம் எதுவும் இங்கே எடுபடாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

இந்த மனிதரைப் போய் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஏனென்றால் எனக்கு மட்டும் தெரிந்த அந்தக் காரணம் இதுதான். திருச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் மாமியார் வயல் வேலைக்குப் போவார். நிலத்துக்காரர் வீட்டுப் பின்வாசலில் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றுவார்கள். அம்மாவின் பக்கத்தில் நின்று அதைப் பார்த்து வளர்ந்தவர் இவர். கோயிலுக்குள்ளேயும் எங்கள் தெரு ஆட்களுக்குத் தனி ஓரம்தான். அதனால்தான் யார் டீ கொடுத்தாலும் மறுக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். ஆனால் அந்தக் கதையை ரயில்வேயில் யாரிடமும் சொன்னதில்லை. மஹாதேவனிடம்கூடச் சொன்னதில்லை. பெற்ற மகளுக்கே தெரியாது. ஊரில் விவசாயம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

நான் வாயைத் திறந்தால் அதைச் சொல்லிவிடுவேன். ஆனால் அது என்னுடைய கதை இல்லை. எழுந்து கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். லேக் பக்கத்து வீட்டுக் கதை முழுவதையும் தமிழில் அவருக்குச் சொன்னேன். கைப்பிடி உடைந்த கப், மேலே இருந்து ஊற்றியது, ஃபிளாஸ்க், எல்லாம். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"அம்மா கதையைச் சொல்லுங்க," என்றேன். "இல்லன்னா இந்தக் கால் போயிடும்."

"அதை எப்படி பிரகாசி..."

"எப்படியோ சொல்லுங்க. இத்தனை மாசமா விடியக்காலையில உக்காந்து உக்காந்து என்னதான் தியானம் பண்ணினீங்க?"

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

அவர் உள்ளே போனார். கட்டிலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். மாஷிமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் உடைந்த வங்காளியில், என் அம்மாவும் உங்களை மாதிரிதான், வேறு ஒருவர் வீட்டுக்கு வேலைக்குப் போனாள் என்று ஆரம்பித்தார். அவளுக்கும் டீ தருவார்கள், ஆனால் கப்பில் இல்லை என்றார். கொட்டாங்குச்சிக்கு வங்காளியில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்துக் காட்டினார். தேங்காய், தேங்காய் என்றார்.

மாஷிமா திரும்பிப் பார்த்தார். இவருடைய கையையே பார்த்தார். பிறகு தன் வலது கையை மெல்லத் தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்து எதையோ சாய்த்து ஊற்றுவது போலக் காட்டினார்.

"இப்படித்தானே?" என்றார்.

"ஆமா," என்றார் இவர். "இப்படித்தான்."

வெளியே ரிக்‌ஷா மணிச் சத்தம் கேட்டது. நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷ வாழ்க்கையில் என் வீட்டுக்காரர் ஒரு அந்நியர் முன்னால் கண்ணீர் விட்டு அன்றுதான் பார்த்தேன்.

மாஷிமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார். நீலப்பூக் கப்பைக் கழுவி, ஊற்றி, எடுத்து வந்து இவர் முன்னால் வைத்தார். வெயில் அப்போதுதான் உச்சிக்கு ஏறியிருந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சிவப்பு என்றால் சிவப்பு என்ற மனிதர் கையை நீட்டிக் கப்பைத் தொட்டார்.

மாஷிமா சட்டென்று கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உபோஷ் நெசமாவே உண்டா?"

"உண்டு."

"எதுவரைக்கும்?"

"பொழுது சாயற வரைக்கும்."

"அப்ப பொழுது சாஞ்சதும் வா. விரதத்தை முறிச்சு எனக்காகக் குடிச்சேங்கிற பேர் எனக்கு வேணாம்." கப்பை என் கையில் கொடுத்தார். "நீ குடி பௌமா. உனக்கு ஒண்ணும் உபோஷ் இல்லையே?"

இல்லை என்றேன். நான் குடித்தேன். இரண்டு சர்க்கரை நோயாளிக்குப் போதுமான சர்க்கரை அதில் இருந்தது. மாஷிமா கட்டிலில் ஏறி, காலை இவர் பக்கம் நீட்டினார். இவர் டப்பாவைத் திறந்து சலைன் மூடியை உடைத்தார்.

அன்று மத்தியானமே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விட்டுப்போன நாட்கள் சும்மா போகவில்லை. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் பிழைத்தது. இவர் அதை நினைத்துப் பல நாள் உருகினார். நெற்றியைக் கழுவிக்கொண்டு போயிருந்தால் அந்த விரல் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாஷிமாதான் கடைசியில் அவரை அதட்டினார். "செருப்புப் போட நாலு விரல் போதும் பாபா. இன்னும் என்ன, நாட்டியமா ஆடப்போறேன்?" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தினசரி ஒரு வழக்கம் ஆரம்பமாயிற்று. பொழுது சாய்ந்ததும் இவர் மாஷிமா வீட்டில் இருப்பார். நோன்பு முடிக்க முதல் டீ அங்கேதான். அது மட்டும் இல்லை, காலையிலிருந்து மாஷிமாவும் டீயைத் தொடாமல் காத்திருந்தார். சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது என்று நான் சண்டை போட்டதால் சாப்பாட்டை மட்டும் வேளைக்குச் சாப்பிட்டார். டீக்கு மட்டும் சாயங்காலம்வரை காத்திருப்பேன், நீ யார் கேட்க என்றார். மீதி நாளெல்லாம் என் வீட்டில் நோன்பு முடிக்காத புருஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நானும் போனேன். கப் இரண்டுதான் இருந்தது, ஆட்கள் மூன்று பேர். மறுநாள் கரியாஹாட் போய் அதே நீலப்பூவில் மூன்றாவது கப் வாங்கினேன். பேரம் பேசவில்லை. என் ஆயுளில் அது முதல் தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியங்கா வந்திருந்தபோது இவர் அவளை உட்காரவைத்துப் பாட்டியின் கதையைச் சொன்னார். கையைக் குழித்துக் காட்டித்தான் சொன்னார். அவள், "பாபா, இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று வங்காளியில் கேட்டாள். இப்போது அவளும் நேரம் கிடைக்கும்போது மாஷிமாவுக்கு மருந்து வாங்கி வருகிறாள்.

குழுவில் நானும் பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டு பேராகப் போக வேண்டும் என்று விதி போட்டவர் நல்ல புத்திசாலி. நான் அன்றைக்குக் கூடப் போயிருந்தால் அவர் பங்கு டீயையும் சேர்த்து நானே குடித்திருப்பேன், வம்பே வந்திருக்காது. இப்போது எங்களுக்கு ஏழு வீடு. எல்லா வீட்டிலும் டீ உண்டு. எனக்குத்தான் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த வருடமும் திருநீற்றுப் புதன் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் இவர் கோயில் குழாயடிக்குப் போய் நின்றார். கையில் தண்ணீரைப் பிடித்தார், முகத்துக்குக் கொண்டுபோனார், நிறுத்தினார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"கழுவணும்னா கழுவுங்க. இல்லன்னா வாங்க. எனக்குக் கால் வலிக்குது," என்றேன்.

தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு வந்தார். நெற்றிச் சாம்பலோடுதான் மாஷிமா வீட்டுக்குப் போனோம். கதவு திறந்தே இருந்தது. மாஷிமா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து நெற்றியைப் பார்த்தார். இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வா," என்றார் மாஷிமா.

போனார். மாஷிமா புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டி, இவருடைய மூக்கின் மேல் உதிர்ந்திருந்த சாம்பலைத் துடைத்தார். நெற்றியில் இருந்ததைத் தொடாமல், அதைச் சுற்றி மட்டும் சிலுவை நன்றாகத் தெரியும்படி நிதானமாகத் துடைத்துவிட்டார்.

"இப்ப சரி," என்றார். "பொழுது சாஞ்சதும் வந்துடு. நானும் இன்னும் குடிக்கல."